கலியமூர்த்தி முகத்து ராஜாக்கள்

வேலாம்பட்டினத்துக் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் போலீஸ்காரர் கை நீட்டினால் எட்டாது, அப்படி ஒரு தூரத்தில், சட்டம் முடிகிற இடத்துக்கு ஒரு பாகம், அதாவது இரு கை அகலம், தள்ளி நங்கூரம் போட்டு நின்ற சூதாட்டக் கப்பலில், ஆடி மாதத்துக் காலை ஒன்றில் புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பியபோது, நான்கு ராஜாக்களுக்கும் கலியமூர்த்தியின் முகம் இருந்தது. கிரீடமும் வாளும் பழையபடியே இருந்தன. சுருள்தாடிச் சீமை ராஜாக்களைத்தான் காணோம். அவர்கள் இருந்த இடத்தில் தூண்டில் முள் கிழித்த இடது காதும், வெற்றிலைக் காவி ஏறிய பல்லும், பொய் சொல்லும்போது மட்டும் அவனுக்கு வருகிற அந்தச் சிரிப்புமாக, மேலே ஒன்று கீழே ஒன்று என்று சீட்டுக்கு இரண்டு கலியமூர்த்தி. இன்னொரு கட்டைப் பிரித்தார்கள், அதிலும் அவனே. சென்னையிலிருந்து வரவழைத்த கட்டிலும், சிங்கப்பூரிலிருந்து தருவித்த கட்டிலும் அவனே இருந்ததால், கடைசியில் கப்பல்காரர்கள் சலித்துப்போய் அந்தச் சீட்டுகளை வைத்தே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் கலியமூர்த்தி அந்தக் கப்பலின் மூணு சீட்டு மேஜையில் தன் ஃபைபர் படகை வைத்துத் தோற்று, மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, பிறகு கம்பியை விட்டுவிட்டான். கடலில் போனவன் எப்படியும் கரை ஒதுங்குவான் என்று ஊரே அலைவாய்க்கரையில் காத்திருந்தது. அவனும் ஒதுங்கத்தான் செய்தான், என்ன, கரையில் ஒதுங்காமல் சீட்டில் ஒதுங்கிவிட்டான்.

இப்போது ஊருக்கு ஒரு சிக்கல் வந்தது. கருமாதி பண்ணுவதா, வேண்டாமா? மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகுக்காரன் ஒருவன் சட்டைப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த இஸ்பேடு ராஜாவை ஊர்த்தலைவரான நாட்டார் வைரக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று பார்வை மங்கிய ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"தொறந்துதான் இருக்கு."

"கண்ணு தொறந்திருக்குற மனுஷனுக்குக் கருமாதி பண்ணுன ஊருன்னு நாளைக்கு நாலு ஊர்க்காரன் சிரிக்கணுமா?"

சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனவே, அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி தானாகத் தாலியைக் கழற்றுகிறவரை கலியமூர்த்தி உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்வது என்றும், அவள் பொட்டும் பூவும் வைத்துக்கொள்ளலாம் என்றும், உயிரோடு இருப்பவன் கோயில் வரி கட்டாமல் இருக்க முடியாது என்பதால் வரி வழக்கம்போல அவன் பெயரிலேயே வசூலிக்கப்படும் என்றும் தீர்ப்பானது. எந்தத் தீர்ப்பிலும் வரியை மட்டும் மறக்காத ஊர் அது.

ஊர் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். கப்பலில் ராஜா என்ற சொல்லே வழக்கொழிந்து, "எனக்கு ரெண்டு கலியன் விழுந்துச்சு", "ஒத்தக் கலியன வச்சுக்கிட்டு என்னா பண்றது" என்று பேச ஆரம்பித்தார்கள். கலியமூர்த்தியின் அக்கா கூடை நிறையப் பலகாரத்தோடு கப்பலுக்குப் போய், தம்பிக்குப் பிடித்த அதிரசத்தைச் சீட்டின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று ஒரு ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு வந்தாள். வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி வந்தன. மீன் பிடிக்கப் போவதைவிட ஆள் ஏற்றிப் போவதில் வரும்படி அதிகம் என்று பாதிப் படகுகள் வலையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு நாற்காலி கட்டிக்கொண்டன.

அஞ்சலாட்சி மீன் ஏலம் எடுத்துக் கூறு போட்டு விற்கிறவள். காலையில் கூடையை இறக்கிவைத்து நிமிர்ந்தால் எதிரே, புருஷன் வைத்துத் தோற்ற அவள் படகு போகும். அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த அவள் பெயரை வெள்ளைப் பெயிண்டால் அழித்துவிட்டு, கப்பலின் பெயரை எழுதி, கூலிங்கிளாஸ் போட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு அது போகும். கப்பல் முதலாளி தயாளன், புருஷன் போன மறுநாள் ஒரு மூட்டை அரிசி அனுப்பி வைத்தவன். அந்த மூட்டையை அவள் பிரிக்கவே இல்லை, அது வாசலில் கிடந்து புழுத்தது. அவன் சாக வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை, அது சின்ன ஆசை. அவன் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும், சீட்டைக் கையில் எடுக்க வேண்டும், தோற்க வேண்டும், தோற்றபிறகும் எழுந்திருக்க முடியாமல் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கெஞ்ச வேண்டும், அதை அவள் நிதானமாக, வெற்றிலை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதுதான் அவள் கேட்டது, மாரியம்மனிடம் விளக்குப் போட்டு அவள் கேட்டதும் அதையேதான்.

அவள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவள் ரோஸ்லின். அவளைப்போலவே நாற்பதைத் தாண்டியவள், கப்பலில் சீட்டுப் போடுகிற வேலை. ஒருநாள் துணி காயப்போட வந்தவளை அஞ்சலாட்சி மடக்கினாள்.

"ரோஸு, எனக்கு அந்த ஆட்டத்தக் கத்துக்குடு."

"எதுக்குக்கா?"

"கத்துக்குடுன்னா கத்துக்குடு."

ரோஸ்லின் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மீன் பலகையைக் கழுவிக் கவிழ்த்து அதன்மேல் சீட்டைப் பரப்பினாள்.

"இது பக்கத்துல உக்காந்திருக்கவன எதிர்த்து ஆடறது இல்லக்கா. கப்பல எதிர்த்து ஆடறது. மொதல்ல ஒரு காயின் வைங்க. உங்களுக்கு மூணு சீட்டு, கப்பலுக்கு மூணு சீட்டு. உங்களுத நீங்க பாக்கலாம், கப்பலுது கவுந்தே கெடக்கும். புடிச்சிருந்தா இன்னொரு காயின் வைங்க. புடிக்கலையா, கவுத்திடுங்க, வச்சது போச்சு. அப்புறம் நான் கப்பல் சீட்டத் தொறப்பேன். அதுல ராணிக்குக் கொறையாம ஒரு சீட்டோ, இல்ல ஒரு ஜோடியோ இருந்தாத்தான் கப்பல் ஆட்டத்துக்கு வந்திருக்குன்னு அர்த்தம். வந்துட்டா, யாரு சீட்டு ஒசத்தியோ அவங்களுக்கு. இல்லன்னா கப்பல் வெலகிக்கிடும், மொதக் காயினுக்கு மட்டும் ஈடு குடுக்கும்."

அஞ்சலாட்சி மூன்று சீட்டையும் எடுத்தாள். எடுத்தவள் முகம் சிவந்துபோய் ரகசியமாகச் சொன்னாள்: "ரெண்டு அவங்களும் ஒரு ஏழும்."

"எவங்க?"

"அதான், அவங்க."

கல்யாணமான நாள் முதல் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அவள். ரேஷன் கடையில்கூடப் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். ராஜா என்றால் அங்கே யாருக்கும் புரியாது, கலியன் என்று அவளால் சொல்ல முடியாது. ரோஸ்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, ரெண்டு அவங்க. நல்ல கை, ஆடலாம். ஞாபகம் வச்சுக்கிடுங்க, ராணி, ஆறு, நாலு, இந்த மூணும் சேர்ந்த கைதான் எல்லை. அதுக்குக் கீழ வந்தா கவுத்திடணும், மேல வந்தா ஆடணும். மொத்த வித்தையும் இதான்."

"இப்புடியே ஆடுனா ஜெயிச்சிடலாமா?"

"இல்லக்கா. மெதுவாத் தோக்கலாம்."

அஞ்சலாட்சி சீட்டைக் கீழே வைத்தாள். "ஒழுங்கா ஆடுனாலும் தோக்கறதா? அப்ப கப்பல் எப்பத்தான் தோக்கும்?"

"தெனமும் யாராவது ஒருத்தர்ட்ட தோக்கும். ஆனா மொத்தத்துல தோக்காது. கப்பலுக்கு அவசரமே இல்ல பாருங்க. அவசரமெல்லாம் இந்தப் பக்கம் உக்காந்திருக்கவங்களுக்குத்தான்."

இந்தச் சொல் அவள் மனசில் தைத்துக்கொண்டது. அதன்பிறகு மீன் விற்று முடித்த மத்தியானங்களில், தன்னுடைய படகிலேயே கூலி கொடுத்து ஏறி, அவள் கப்பலுக்குப் போனாள். ஜன்னலெல்லாம் அடைத்து, பகலிலும் விளக்குப் போட்டு, பொழுதே தெரியாமல் வைத்திருந்த அந்தக் கூடத்தில், கவுச்சி வாடை அடிக்கிற புடவையோடு மேஜையில் உட்கார்ந்து, ஆடியும் கவிழ்த்தும், சொன்னபடியே மெதுவாகத் தோற்றாள். தோற்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எதிரே இருந்தவர்களின் முகத்தைத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் முகமும் கையில் வந்துவந்து போனது. உயிரோடு இருந்தபோது நேருக்கு நேர் பார்க்காதவன், சீட்டிலும் அவளைப் பார்க்கவில்லை, கண்ணைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான். "பாரு, இப்பவாவது என்னப் பாரு," என்று ஒருநாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

அன்றிலிருந்துதான் ராஜாக்கள் அழ ஆரம்பித்தார்கள். எவனாவது வைக்கக் கூடாத ஒன்றை மேஜையில் வைத்தால், வண்டிச் சாவியோ, மகளுக்கு எடுத்து வைத்திருந்த சங்கிலியோ, அவன் கையிலிருக்கிற ராஜாவின் கண்ணிலிருந்து உப்புத்தண்ணீர் கசிந்து விரலை நனைக்கும். அவன் ஈரக்கையை வேட்டியில் துடைப்பான். பிறகு சங்கிலியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படகுக்குப் போய்விடுவான். பச்சைத்துணி மேஜைகளில் உப்புப் பூத்தது. ராஜாக்களை எடுத்துவிட்டு ஆடிப் பார்த்தார்கள். ராஜா இல்லாத கட்டில் ஆட வெளியூர்க்காரர்கள் ஒப்பவில்லை. கார்கள் குறைந்தன. நாற்காலி கட்டிய படகுகள் பாதி காலியாகப் போய் வந்தன. கடைசியில் தயாளனே, வெள்ளைச் சட்டையும் சந்தன வாசனையுமாகக் கரைக்கு வந்து, அஞ்சலாட்சியின் மீன் பலகைக்கு முன்னால் நின்றான்.

"அம்மா, அந்த மனுஷன இப்படி அலைய விடலாமா? நாட்டாரக் கேட்டேன். நீங்க தாலியக் கழட்டிட்டா அவர் போய்ச் சேர்ந்திடுவாராம். காரியத்துக்கு ஆகற செலவு பூராவும் என்னுது."

அவள் கத்தியைக் கழுவினாள். "கழட்டறேன் சார். ஜெயிச்சு எடுத்துக்கிடுங்க."

"என்னது?"

"உங்க மூணு சீட்டு மேஜை. நான் கப்பல். நீங்க இந்தப் பக்கம். ஒரு தட்டுக் காயின் நீங்களே எனக்குக் குடுங்க. அது தீர்ந்துச்சுன்னா மேஜையிலயே கழட்டி வச்சிடறேன். ஆனா ஒண்ணு, என்கிட்ட நீங்க தோக்கறது எனக்குத்தான் சொந்தம். திருப்பிக் கேக்கக் கூடாது."

தயாளனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் கப்பல் நடத்துகிறவன், ஒருநாளும் ஆடாதவன், ஆட்டக்காரர்களை உள்ளூர இளக்காரமாக நினைப்பவன். ஒரு தட்டுக் காயின் தீர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று அவன் நினைத்தான். ஊர்ப் பஞ்சாயத்தையே சாட்சியாக வைத்துச் சரி என்றான்.

ஊரே கப்பலுக்குப் போனது. சுண்டல்காரியும் போனாள். அஞ்சலாட்சி, கூறு போட்டுப் பழகிய கையால், சீட்டு தெறிக்காமல் உனக்கு மூன்று எனக்கு மூன்று என்று போட்டாள். முதல் நாள் தயாளன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். நல்ல சீட்டெல்லாம் அவன் பக்கமே போயிற்று, தட்டில் அடி தெரிந்தது, இன்னும் இரண்டு ஆட்டத்தில் தாலி மேஜைக்கு வந்துவிடும் என்று பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்போது தயாளன் சோம்பல் முறித்தான். "இன்னிக்குப் போதும். மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றான்.

அந்த முகத்தை அஞ்சலாட்சி பார்த்தாள். முதன்முதலாக ஜெயித்துவிட்டு மல்லிகைப்பூவும் அல்வாவுமாக வீட்டுக்கு வந்த அன்று கலியமூர்த்திக்கு இருந்ததும் இதே முகம். முடித்துவிட்டுப் போக முடிந்தவன், அந்தச் சுகம் தீர்ந்துபோய்விடுமே என்று மிச்சம் வைத்துவிட்டுப் போகிறான். அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. "வந்துட்டான்," என்று ரோஸ்லினின் காதில் சொன்னாள்.

மறுநாள் அவன் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அதற்கு மறுநாள் சவரம் செய்யாமல் வந்தான். சீட்டு ஒன்றும் மாயம் செய்யவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. கொஞ்சம் அவன் ஜெயித்தான், கொஞ்சம் கூடுதலாக அவள் ஜெயித்தாள், அவ்வளவுதான், அவளுக்கு அவசரம் இல்லை. ராணிக்குக் கீழான கை வந்தால்கூடக் கவிழ்க்க மனமில்லாமல் அவன் ஆடினான். போனதைப் பிடிக்க இரண்டு மடங்கு வைத்தான், அதைப் பிடிக்க நான்கு மடங்கு வைத்தான். படகுகளை வைத்தான், ஒவ்வொன்றாக அவை அவள் பக்கம் வந்தன. அவள் படகு வந்தபோது அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள், நிறுத்தவில்லை. கடைசியாகக் கப்பலின் பத்திரத்தை அவன் மேஜையில் வைத்தபோது, கூட்டம் முழுவதும் எட்டி அவன் கையிலிருந்த ராஜாவைப் பார்த்தது. தெருவில் போகிறவனுக்கெல்லாம் அழுத அந்த ராஜா, ஒரு சொட்டு விடவில்லை. கண் காய்ந்து, பொய் சொல்லும்போது வருகிற அந்தச் சிரிப்போடு, தயாளனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் போயிற்று. தயாளன் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்மா," என்றான்.

"என்னா இருக்கு வைக்க?"

அவன் சட்டைப்பையைத் தடவினான், கைக்கடிகாரம் ஏற்கெனவே போயிருந்தது. "ஒண்ணே ஒண்ணு. கடனா. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

அஞ்சலாட்சி நிதானமாக வெற்றிலையை மென்றாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட அந்த நிமிஷத்தில் அவளுக்கு இனித்தது, சத்தியமாக இனித்தது, அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. சீட்டுக்கட்டை அடுக்கி மூடினாள். தயாளன் மேல்தளத்துக்கு ஏறிப் போவதையும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் திறந்திருந்த கதவு வழியாக அவள் பார்த்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், படகுக்காரர்கள் ஓடிப் பிடித்திருப்பார்கள். அவள் குரல் கொடுக்கவில்லை.

அடுத்த புதுக்கட்டைப் பிரித்தபோது நான்கு ஜாக்கிகளுக்கும் தயாளனின் முகம் இருந்தது. ஊர் இதற்கு ஏற்கெனவே பழகியிருந்ததால் யாரும் கூட்டம் கூடவில்லை. "மொதலாளியும் உள்ள போயிட்டாரா, சரி," என்றார் நாட்டார், வெளியூர்க்காரன் என்பதால் வரி கேட்க முடியாதே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

கப்பலை உடைத்து இரும்புக்கு விற்றுவிடுவதாகத்தான் அஞ்சலாட்சி சொல்லியிருந்தாள். படகுக்காரர்கள் வந்து நின்றார்கள். வலையெல்லாம் எலி கடித்துப்போச்சு, புள்ளைக்குப் பீஸ் கட்டணும், இந்த ஐப்பசி தாண்டட்டுமே என்றார்கள். ஐப்பசி தாண்டியது, தை தாண்டட்டுமே என்றார்கள். ராஜாக்கள் அழுகையை நிறுத்திவிட்டதால் கார்கள் திரும்ப வந்தன. அவளும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லவில்லை. ஏனென்றால் காலையில் கட்டைப் பிரித்ததும், பறித்தவனையும் பறிகொடுத்தவனையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக் கலைக்கிற சுகம் இருந்ததே, அதை விட அவளுக்கு மனம் வரவில்லை. ஒருவன் மூக்கு ஒருவன் முதுகில் இடிக்க, இருவரையும் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, தட்டி, வெட்டி, மறுபடி செருகினாள். இருவருமே இப்போது அவளைப் பார்த்தார்கள், பார்க்காமல் எங்கே போவார்கள். மீன் கூடையை அவள் தூக்கி ரொம்ப நாளாகிவிட்டது. தோற்றுப்போன குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மூட்டை அரிசி அனுப்பச் சொல்லியிருந்தாள், நல்ல அரிசியாகப் பார்த்து.

தை பிறந்த பிறகு, ஒரு மத்தியானப் படகில், பட்டணத்துச் சாயல் உள்ள ஒரு பெண் வந்து இறங்கினாள். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. நேராக மூணு சீட்டு மேஜைக்கு வந்து, பரப்பியிருந்த சீட்டுகளில் ஒரு ஜாக்கியைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொடவில்லை.

"ரொம்ப இளைச்சிட்டாரு," என்றாள்.

அஞ்சலாட்சிக்குப் புரிந்துவிட்டது. ரோஸ்லின் மேஜையை விட்டு ஓரடி பின்னால் போனாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் அஞ்சலாட்சி. "என்னா வேணும்? படகு வேணுமா, பணமா, கேளுங்க, குடுத்துடறேன். அவரு வச்சது எது வேணுமோ எடுத்துக்கிடுங்க."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரே ஒரு காயினை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கலாம் என்று வந்தவள் முகம் அது.

"ஒண்ணும் வேண்டாங்க. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. கத்துக்குடுங்க."

அஞ்சலாட்சி சீட்டைக் கலைத்தாள். கூறு போட்டுப் பழகிய அந்தக் கையிலிருந்து ஒரு சீட்டு தெறித்து விழுந்ததை அந்தப் பெண் பார்த்தாள்.